ஏற்காட்டுப் பனிக்காலத்துக்கு மினி டிராக்டரைத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்துக்கு டிராக்டரைத் தயார் செய்வது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பனிக்கட்டி விழும் நாடுகளுக்கானவை. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் பிளந்துவிடும், எஞ்சினுக்குத் தனி ஹீட்டர் வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். சேர்வராயன் மலையில் அந்தக் கவலை வேண்டாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதப் பின்னிரவுகளில் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரியை ஒட்டி இறங்கும். நமக்கு அது எலும்பைத் துளைக்கும் குளிர். இரும்புக்கு அது பெரிய குளிர் அல்ல.

இங்கே டிராக்டரைத் தின்பது ஈரம். ஐப்பசியில் அடைமழை தொடங்கினால் கார்த்திகை முடிய ஓயாது. மழை விட்டதும் மூடுபனி பிடித்துக்கொள்ளும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி டீசல் டேங்க், பேட்டரி டெர்மினல், ஒயரிங், பிரேக் டிரம், கிளட்ச் பிளேட் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கீழே சொல்லப்போகும் வேலைகள் பெரும்பாலும் ஒரே நோக்கத்துக்கானவை: தண்ணீர் புகக்கூடாத இடத்தில் தண்ணீர் புகாமல் காப்பது, புகுந்ததை வெளியேற்றுவது.

உயரத்தின் கணக்கு ஒன்றும் உண்டு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. காற்று மெலிந்தும் குளிர்ந்தும் இருந்தால் அந்தச் சூடு குறையும். அடிவாரத்தில் ஒரு சாவித் திருப்பலில் கிளம்பும் வண்டி மேலே வந்ததும் முரண்டு பிடிப்பதற்கு இதுதான் காரணம். டர்போ இல்லாத மினி டிராக்டர்களில் இழுவைத் திறனும் அதே அளவுக்குக் குறையும்.

15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான டீசல் மினி டிராக்டர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். காப்பித் தோட்டத்து வண்டிக்குப் பனிக்காலம் ஓய்வுக்காலம் அல்ல. பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது மூட்டை சுமந்தாக வேண்டும். சாமை, கேழ்வரகு, காய்கறிக்கு உழும் சிறு விவசாயியின் வண்டியோ வாரக்கணக்கில் நின்றுவிடும். நின்ற வண்டிக்குத் தேவையானவற்றைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜையில் தொடங்குங்கள்

எப்படியும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கத்தான் போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. அந்த வாரத்தையே பராமரிப்பு வாரமாக வைத்துக்கொள்வது நல்லது.

கழுவும் விதத்தில் கவனம் தேவை. வாட்டர் சர்வீஸ் குழாயின் வேகமான நீரை டைனமோ, செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பெட்டி, மீட்டர் போர்டு, ஏர் கிளீனர் வாய் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது. முன் ஆக்சில் பேரிங், கிங் பின், பின்னால் இணைப்புகள் உள்ள இடங்களில் ஆயில் சீல்களுக்கு எதிரே குழாயைப் பிடிப்பதும் தவறு; சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவில் உள்ள தூசியை மெல்லிய நீரால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். வேகமாக அடித்தால் துடுப்புகள் மடங்கும்.

வண்டி காய்ந்ததும் அதே நாளில் கிரீஸ் அடித்துவிட வேண்டும். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புது கிரீஸின் நிறம் தெரியும் வரை அடியுங்கள். முதலில் வெளியே வரும் கிரீஸில் நீர்த்துளிகள் மின்னுவதைப் பார்க்கலாம். அந்த நீரைத் துரத்துவதற்காகத்தான் இந்த வேலை. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதியது போடுங்கள். சில ரூபாய்ப் பொருளுக்காக ஒரு பேரிங்கை இழக்க வேண்டாம்.

டீசல்: இங்கேதான் அதிக கவனம்

மலையில் பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே இருக்காது. நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கத்து விவசாயிகள் கேனிலும் டிரம்மிலும் டீசல் வாங்கி வைப்பது வழக்கம். பனிக்காலத்துத் தொல்லையில் பெரும்பங்கு அந்த டிரம்மில்தான் தொடங்குகிறது.

டிரம்மை நிமிர்த்தி வெளியில் வைத்தால் மேல் தட்டில் மழைநீர் தேங்கும். பகலில் டிரம் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூடியின் மரைவழியே அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரம்மைக் கூரைக்குக் கீழே, கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக, உள்ளே இருக்கும் டீசலுக்குள் மூழ்கியிருக்கட்டும். அப்போது மூடிவழியே காற்றோ நீரோ போகாது. அதிலிருந்து டீசல் எடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்னதாக நிமிர்த்தி, அசைக்காமல் விட்டுவிட்டு, பம்பின் குழாயை அடித்தளத்துக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்தி எடுங்கள். அடியில் இருப்பது நீரும் கசடும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. இந்திய டீசல் தர விதியான ஐ.எஸ். 1460, குளிரில் ஃபில்டரை அடைக்காமல் ஓடும் தன்மைக்கு இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி. அதாவது சித்திரையில் வாங்கிய டீசல் 18 டிகிரி வரை ஓடினாலே விதிப்படி சரியான டீசல்தான். அதை மார்கழி விடியலில் ஏற்காட்டில் ஊற்றினால், டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரில் படிய வாய்ப்பு உண்டு. பெரும்பாலான டீசல் விதி கேட்பதைவிடத் தாங்கும். ஆனாலும் கோடைச் சரக்கை ஐப்பசிக்குள் ஓட்டித் தீர்த்துவிட்டு, கார்த்திகையிலிருந்து புதிதாக, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதுதான் முறை. மெழுகு அடைப்பின் அடையாளம் தெளிவானது: வண்டி கிளம்பும், ஒரு நிமிடம் ஓடும், மூச்சுத் திணறி நிற்கும், வெயில் ஏறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். டீசலை இளக்குவதற்காக மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு; மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும்.

வண்டியின் டேங்க்கை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பிவிடுங்கள். பாதி டேங்க் என்றால் மீதிப் பாதி ஈரக்காற்று. இரவில் டேங்க் சுவர் குளிர்ந்து அந்தக் காற்றில் உள்ள ஈரம் துளித்துளியாக டீசலில் இறங்கும். ஒரே இரவில் சேர்வது சிறிதுதான். ஒரு பனிக்காலம் முழுவதும் சேர்ந்தால் பம்பைத் துருப்பிடிக்க வைக்க அது போதும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

அடுத்து, நீர் பிரிக்கும் கிண்ணம். ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். இரவு முழுக்க வண்டி நின்றபின், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேலே மஞ்சளாக டீசல் நிற்கும். நீர் இருந்தால் அடியில் நிறமில்லாமல் உருண்டு திரண்டு, டம்ளரைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடும். இரண்டும் சேரும் கோட்டில் வழவழப்பான கருப்புப் படலம் தெரிந்தால், டேங்க்குக்குள் நுண்ணுயிர்கள் வளர்ந்துவிட்டன என்று பொருள். அந்நிலையில் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை வாரம் ஒருமுறை இந்த டம்ளர் சோதனையைச் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டீசல் ஃபில்டரின் ஆயுள் வண்டிக் கையேட்டில் மணிக்கணக்கில் இருக்கும். அந்த மணி வரவில்லை என்றாலும், மழைக்கு முன் புதியது போட்டுவிடுவது மலைக்குப் பொருந்தும். ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்:

1. டேங்க்கில் டீசல் நிறைய இருக்கட்டும். டீசல் காக்கைத் திறந்துவிடுங்கள்.
2. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.
3. கைப்பம்பை நிதானமாக அடியுங்கள். முதலில் நுரையாக வரும். நுரை நின்று, குமிழே இல்லாத டீசல் வழியும்போது, பம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள்.
4. அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள்.
5. அப்படியும் கிளம்பவில்லை என்றால் இன்ஜெக்டர் முனையில் உள்ள பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துளிர்த்ததும் இறுக்குங்கள்.

ஐந்தாவது படியில் விரலையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த இடத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது. தோலுக்குள் போனால் சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். சில புதிய மாடல்களில் மின்பம்ப் இருக்கும். அவற்றில் சாவியை ஆன் நிலையில் சிறிது நேரம் வைத்திருந்தாலே காற்று வெளியேறிவிடும்.

பேட்டரியும் எர்த்தும்

குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் செல்ஃப் மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அதே குளிரில் பேட்டரி தரக்கூடிய மின்சாரம் குறைகிறது. கோடையில் ஒப்பேற்றிய பழைய பேட்டரி மார்கழியில் கைவிடுவது இதனால்தான்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரவு முழுக்க நின்றபின் காலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட்டோ மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே இறங்கியிருந்தால் ஏறத்தாழ காலி. பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், முழு சார்ஜில் இருந்தும் அப்படிச் சரிந்தால், பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை. ஃபேன் பெல்ட்டையும் டைனமோவையும் பாருங்கள்.

டெர்மினல் பூத்திருந்தால், அதாவது அதன்மேல் பொடி படிந்திருந்தால், முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. சமையல் சோடா கலந்த வெந்நீரைப் பழைய பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் பூப்பு கரைந்துவிடும். கரைசல் பேட்டரி மூடிகளுக்குள் போகக் கூடாது. உலர்ந்ததும் மாட்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகாது. மழைநீரையும் ஊற்றாதீர்கள்; கூரைத் தகரத்தின் துருவும் தூசியும் அதில் இருக்கும்.

நெகட்டிவ் கேபிளின் மறுமுனை வண்டியின் சேசிஸில் இணையும் எர்த் இடத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பெயிண்டுக்கும் வாஷருக்கும் நடுவில் துரு ஏறினால், நல்ல பேட்டரியும் நல்ல செல்ஃப் மோட்டாரும் இருந்தும் "டக், டக்" என்ற சத்தம் மட்டுமே வரும். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

எஞ்சின் ஆயில்

நம் குளிருக்கு 15டபிள்யூ-40 தரம் தாராளமாகப் போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி வரை அது ஓடும். பழைய வண்டிகளில் எண்ணெய் குடிக்கிறது என்பதற்காக 40 தர ஒற்றை ஆயில் ஊற்றுபவர்கள் உண்டு. மலையில் விடியற்காலை ஸ்டார்ட்டை அது கடினமாக்கும். ஆயில் மேலே ஏறிச் சேரவும் நேரமாகும்.

மாற்றும் மணிக்கணக்கு நெருங்கியிருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். வண்டி நிற்கும் நாட்களில் அவை பேரிங் உலோகத்தை அரிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வரும். வடித்ததை ஓடையிலோ காப்பிச் செடிக்கு அடியிலோ கொட்டாதீர்கள். இந்த மலை ஓடைகளில்தான் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் போகிறது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருப்பதைப் பனிக்காலத்தில் பார்க்கலாம். வண்டி சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் படியும் ஈரம் அது. துடைத்துவிட்டு, அடுத்த முறை அரை மணி நேரமாவது பாரம் இழுத்து ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கதை வேறு. ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ பழுதாகி ரேடியேட்டர் நீர் கலக்கிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. கியர் பெட்டி, ஹைட்ராலிக் ஆயிலிலும் இந்த நிறத்தைத் தேடுங்கள். கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தால் மழைநீர் அதன்வழியே நேராக உள்ளே இறங்கும்.

ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்

உறையாது என்றால் கூலன்ட் எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. உப்பு மிகுந்த கிணற்று நீர் ஊற்றிய ரேடியேட்டரில் செம்பழுப்புச் சேறு திரண்டு, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்டை வாங்கி ஊற்றலாம். இல்லையெனில் கையேடு சொல்லும் விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டருடன் கலக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் அப்பால் தாங்கும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், கடும் நஞ்சு; சிந்தியதை நாயோ மாடோ நக்கினால் பிழைப்பது அரிது. சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சேலம் வெயிலில் வண்டி சூடேறுகிறது என்று, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. மலையில் அப்படி ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது. அரைகுறையாக எரிந்த டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கும். சைலன்சரில் கருப்புப் பிசின் ஒழுகும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். கொதிப்பதற்கு முன்பே வால்வு மெல்ல விலகித் திறக்க வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும்.

ஏர் கிளீனர், எலி

ஆயில் குளியல் வகை ஏர் கிளீனரில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் நீர் தேங்கியிருந்தால் கொட்டிவிட்டு, குறியளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். காகித ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

குளிர் தொடங்கினால் எலிகள் கதகதப்பு தேடி வரும். எஞ்சின் மேல், ஏர் கிளீனருக்குள், பானெட் அடியில் காய்ந்த சருகைச் சேர்த்துக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். சருகுக் கூடு சைலன்சர் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். தீவன மூட்டையையும் தானியத்தையும் வண்டி நிற்கும் கொட்டகையில் வைக்காதீர்கள்.

டயர், பிரேக்

டயர் காற்றில் இந்த மலைக்கே உரிய ஒரு விந்தை உண்டு. சேலத்தில் மதிய வெயிலில் காற்றடித்து மேலே வந்தால், குளிரால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. அதனால் கேஜ் கிட்டத்தட்ட பழைய அளவையே காட்டும். திரும்பக் கீழே இறங்கி மாலைக் குளிரில் பார்த்தால் குறைந்திருக்கும். எங்கே வேலையோ அங்கே, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்வதுதான் ஒரே வழி. இரு பின் டயர்களிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். சரிவில் ஒரு பக்கம் தாழ்ந்த வண்டி கவிழும் அபாயம் கூடுதல்.

ஈரத்தில் பிரேக் டிரம்மில் துருப்படலம் படியும். காலையில் முதல் சில மீட்டரில் மெதுவாக இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி அதைத் துடைத்தெடுத்த பிறகே இறக்கத்தில் விடுங்கள். இடது வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியை ரோட்டுக்கு வரும் முன் மாட்டியாக வேண்டும். உழும்போது பிரித்த கொக்கியை மாட்டாமல் ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துப் புரட்டிவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முறை

கொட்டகைக் கதவை முழுதாகத் திறங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினைச் சூடேற்றுவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. (மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) விடுபட்ட நிலையில், கிளட்ச்சை முழுதாக அழுத்துங்கள். கிளட்ச்சை அழுத்தினால் கியர் பெட்டியின் கெட்டியான ஆயிலைச் சுழற்றும் சுமை செல்ஃப் மோட்டாருக்கு இருக்காது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் கையேடு சொல்லும் நொடிகள் வரை சூடேற்றுங்கள். ஆக்சிலரேட்டரை மூன்றில் ஒரு பங்கு திறந்து செல்ஃப் அடியுங்கள். ஒருமுறைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். கிளம்பவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மீண்டும் முயலுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் எரியும். டீகம்ப்ரஷன் லீவர் (சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் பிடி) உள்ள ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதைப் பிடித்து எஞ்சின் வேகமெடுத்ததும் விடுங்கள்.

கிளம்பியதும் வெள்ளைப் புகை வரும். ஓரிரு நிமிடத்தில் அது குறைய வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் நின்றபாடில்லை என்றால் இன்ஜெக்டரையும் கூலன்ட் அளவையும் சோதியுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடட்டும். உறும விடாதீர்கள். பிறகு இலகுவான வேலையில் தொடங்கி மெல்லச் சூடேற்றுங்கள். வெறுமனே நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுவதால் எஞ்சின் சரியாகச் சூடாவதில்லை.

ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியில் சருகோ துணியோ கொளுத்திச் சூடு காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈதர் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடித்தால் உள்ளே வெடித்து பிஸ்டன் உடையும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது இங்கே சகஜம். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஈரச் சருகில் சக்கரம் பூட்டினால் நிற்காது. வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுப்பது எவ்வளவோ மேல்.

மூடுபனியில் வேலை

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர், கொட்டச்சேடு வழியும் வளைவுதான். மூடுபனியில் மணிக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் போகும் டிராக்டரைப் பின்னால் வரும் கார்க்காரர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். டிரெய்லரின் பின்பக்க விளக்கு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். சிவப்பு ஒளிப்பட்டையைப் பின்பக்கம் அகலமாகவும் பக்கவாட்டில் மஞ்சளாகவும் ஒட்டி, சேறு படிந்தால் துடையுங்கள். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும். லோ பீமில் ஓட்டுங்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் வேண்டாம். சில்வர் ஓக் இலை விழுந்து நனைந்த பாதையில் பாரம் ஏற்றிய டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். மூட்டையைக் குறைத்து இன்னொரு நடை போவது மேல்.

பனிக்காலத்தில் எனக்கு மிகவும் அச்சம் தருவது சால்வைதான். குளிருக்குத் தலையில் மஃப்ளர், தோளில் சால்வை, மழைக்கோட்டின் தொங்கும் நாடா என்று வேலைக்கு வருவோம். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. ஏழு சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டு ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். கை நீட்டி நிறுத்த நேரம் கிடைக்காது. ஸ்பிரேயரோ ரோட்டவேட்டரோ ஓடும்போது அருகில் வருபவர் அக்காவானாலும் அண்ணனானாலும் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பை ஒட்டிய ஸ்வெட்டரோடு வரச் சொல்லுங்கள். தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றும்வரை அந்தக் கருவியை மாட்டாதீர்கள்.

நிறுத்தி வைக்கும் வண்டிக்கு

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகும் வண்டிக்கு: கழுவி, கிரீஸ் அடித்து, ஆயில் மாற்றி, டேங்க்கை நிரப்பி, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள்; போட்டே வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலை முழுதாக அழுத்தி ஒரு மரக்கட்டையால் அப்படியே நிறுத்துங்கள். இல்லையெனில் ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு வண்டியைப் பிரித்தால்தான் விடும். ஹைட்ராலிக் கைகளை இறக்கி விடுங்கள்.

சைலன்சர் வாயை ஒரு தகர டப்பாவால் கவிழ்த்து மூடி, சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டப்பாவை எடுக்க அது நினைவூட்டும். மூடாமல் விட்டால் மழைநீர் சைலன்சர்வழியே சிலிண்டரில் இறங்கி, செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் மரப்பலகையில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இறுக்கிக் கட்டாதீர்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே நின்று துருவாகும். மேலே மட்டும் மூடி, கீழே இரண்டடி காற்றோட்டம் விடுங்கள். தகரக் கொட்டகையில் விடியலில் கூரையிலிருந்து நீர் சொட்டும். அந்தச் சொட்டு விழாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதைவிட ஓட்டாமலே விடுவது நல்லது. ஓட்டுவதானால் அரை மணி நேரம், பாரத்தோடு ஓட்டுங்கள்.

மாசி முடிந்து வண்டியை எழுப்பும்போது முதலில் பானெட்டைத் திறந்து எலிக் கூடு பாருங்கள். டப்பாவை எடுங்கள், கிளட்ச் கட்டையை விடுவியுங்கள், டம்ளரில் டீசல் பிடித்து நீர் பாருங்கள், ஆயிலின் நிறம் பாருங்கள். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி சில நொடிகள் செல்ஃப் அடித்து ஆயிலை மேலே ஏற்றிய பிறகு லீவரை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு பத்து நொடிக்குள் அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.